கூர்மையும் சாய்வும்: புலன்களை அளந்த கதை

நான் வங்கியில் கையெழுத்துப் பார்க்கிறவன். எப்போதாவது விமர்சனம் எழுதுகிறவன் என்று இந்தப் பக்கங்களைப் படிக்கிற சிலருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் பகல் முழுவதும் என் வேலை, இரண்டு கையெழுத்துகளை அக்கம்பக்கமாக வைத்து, இரண்டும் ஒரே கையா என்று சொல்வதுதான். மாதிரிக் கையெழுத்து திரையில் இருக்கும். படிவத்தில் போட்டது என் விரலுக்குக் கீழே இருக்கும். சேர்கிறது, சேரவில்லை என்று இரண்டே பதில்கள். 'ஓரளவு சேர்கிறது' என்று எழுத அங்கே இடம் கிடையாது.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார்கள். இந்த ஊரில் சொல்தா வீட்டு அம்மா என்றால் புரியும். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று இறந்துபோனவர். மாதாமாதம் பென்ஷன் கணக்கில் விழும். கை நடுங்குகிற வயது. படிவத்தில் போட்ட கையெழுத்து சேரவில்லை என்றேன். இன்னொரு முறை போட்டார்கள். அதுவும் சேரவில்லை. நாலாவது முறை போட்டபோது, நாலும் தமக்குள்ளேயே சேராமல் இருந்தன. பெருவிரல் ரேகை வைக்க டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்று சொன்னேன். அவர்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நான் நான் இல்லைங்கிறியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வேறோர் ஊரில் கள்ளக் கையெழுத்தில் பணம் போய்விட்டது என்று முந்தின வாரம்தான் எங்களுக்குள் பேச்சு எழுந்திருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே நடுங்கிய கையெழுத்து வந்திருந்தால் நான் விட்டிருப்பேன் என்பது நிச்சயம். என் கண் அந்த ஒரு மாதத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது வேறு ஏதோ ஒன்று. அந்த வேறு ஒன்றைக் கண்ணிலிருந்து பிரித்து எடுக்க விஞ்ஞானத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வருஷங்கள் பிடித்திருக்கின்றன. அந்தச் சரித்திரத்தைச் சொல்வதுதான் இங்கே என் நோக்கம். விமர்சனம் செய்கிற நமக்கும் அதில் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1768 மார்ச்சில் கியோம் லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். வெள்ளிக் கிரகம் சூரியனின் முகத்தைக் கடந்து போவதைக் கவனிப்பதற்காக வந்தவர். அந்தக் கடப்பு ஆரம்பிக்கிற, முடிகிற நேரங்களைப் பூமியின் பல இடங்களிலிருந்து குறித்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது எட்மண்ட் ஹாலி வகுத்துக்கொடுத்த வழி. 1761ஆம் வருஷத்துக் கடப்புக்கே அவர் புறப்பட்டவர்தான். அவருடைய கப்பல் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்துவிட்டது. நடுக்கடலில் ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்த காட்சி கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தக் கடல்களிலேயே சுற்றினார். புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின், இடிந்த கோட்டையின் சிதைவுகள்மேல் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் எழும்பியது. 1769 ஜூன் 4 விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்தபிறகு வெயில் அடித்தது. 1771இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது, அவரை இறந்தவராக எண்ணி வாரிசுகள் சொத்தைப் பங்குபோடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எல்லோரும் துரதிர்ஷ்டத்தின் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே கடப்பை மேகமில்லாத வானத்தில் பார்த்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது. தாஹித்தித் தீவில் ஜேம்ஸ் குக்கும் சார்ல்ஸ் கிரீனும் ஒரே இடத்தில், ஒரே உருப்பெருக்கம் கொண்ட தொலைநோக்கிகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள். வெள்ளியின் விளிம்பு சூரியனின் விளிம்பைத் தொட்ட நேரம் என்று இருவரும் குறித்தவை, எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஒன்றுக்கொன்று மாறுபட்டன. காரணம் இது: தொடுகிற அந்தக் கணத்தில் விளிம்புகள் சுத்தமாகத் தொட்டு விலகுவதில்லை. நடுவே ஒரு கரிய துளி, பாகு இழுபடுவதுபோல இழுபட்டு நிற்கிறது. அது அறுந்தது என்று எப்போது சொல்வது? ஒருவர் மெலிந்தவுடன் சொல்கிறார். இன்னொருவர் முற்றாக மறையட்டும் என்று காத்திருக்கிறார். கண்கள் இரண்டும் நல்ல கண்களே. ஆனால் 'இப்போது' என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஒவ்வொருவரும் தமக்குள் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார்கள். மேகம் விலகியிருந்தால் லெ ழாந்தியும் அந்தக் கோட்டின் முன்னால்தான் நின்றிருப்பார்.

இந்தக் கோட்டை யாரும் அப்போது கோடு என்று அறிந்திருக்கவில்லை. அதனால் நேர்ந்த முதல் அநியாயம் கிரீனிச்சில் நடந்தது. அங்கே தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கிலின். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னிபுருக். விண்மீன் தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கிற நேரத்தைக் குறிப்பது வேலை. காது கடிகாரத்தின் அடியை எண்ணிக்கொண்டிருக்கும், கண் விண்மீனைத் தொடர்ந்துகொண்டிருக்கும். இரண்டு அடிகளுக்கு நடுவே எந்தப் பத்தில் ஒரு பங்கில் விண்மீன் கம்பியைத் தாண்டியது என்று மனம் சொல்லவேண்டும். கின்னிபுருக் குறித்த நேரங்கள் மாஸ்கிலின் குறித்ததைவிட முதலில் அரை வினாடியும், பிறகு பத்தில் எட்டு வினாடியும் தாமதமாயின. 1796இல் அவர் வேலையை இழந்தார். தவறு உதவியாளரிடம்தான் இருக்கவேண்டும், தலைவரிடம் இருக்கமுடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கோனிக்ஸ்பெர்கில் இருந்த பெஸ்ஸல் பிற்பாடு இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வேறு விதமாக யோசித்தார். 1820களில் தன் நேரங்களை மற்ற வானியலாளர்களின் நேரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கைதேர்ந்தவர்களுக்கு நடுவிலேயே ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஒவ்வொரு பார்வையாளனுக்கும் சொந்தமாக ஒரு பிசகு உண்டு, அதைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 'தனிமனிதச் சமன்பாடு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இது பெரிய முன்னேற்றம்தான். யாரையும் வேலையைவிட்டு நீக்கவேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. மனிதன் தினமும் இத்தனை வினாடி பின்தங்குகிற கடிகாரத்தைப்போல நிலையான பிசகு உள்ளவன் என்ற நம்பிக்கை. கின்னிபுருக்கின் அரை வினாடி சில மாதங்களில் முக்கால் வினாடிக்கும் மேலாகப் போயிற்று என்பதையே அவர்கள் கவனித்திருக்கலாம். கோடு நகரும்.

புலனை அளப்பதையே ஒரு சாஸ்திரமாக்கியவர் குஸ்டாவ் ஃபெக்னர். மனோபௌதிகம் என்ற பெயரும் அவர் தந்ததே. 1860இல் லைப்சிக்கில் வெளிவந்த அவருடைய நூலில் இரண்டு விஷயங்கள் நமக்கு வேண்டியவை. ஒன்று, வாசற்படி என்கிற கருத்து. ஒரு தூண்டல் எவ்வளவு பலமாக இருந்தால் மனதுக்குள் காலெடுத்து வைக்கிறதோ, அந்த அளவு அதன் வாசற்படி. அதற்குக் கீழே இருப்பது வெளியிலேயே நின்றுவிடும். இரண்டு, உணர்ச்சியின் அளவு தூண்டலின் மடக்கையைத் தொடர்ந்து போகிறது என்ற விதி. ஒளி பெருக்கல் கணக்கில் ஏறினால் கண்ணுக்கு அது கூட்டல் கணக்கில் ஏறுவதாகத் தெரியும். இதற்கு ஃபெக்னர் காட்டிய சான்றுகளில் விண்மீன்களின் ஒளித்தரமும் ஒன்று. பழங்காலத்திலிருந்து மனிதர்கள் வெறுங்கண்ணால் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்துவைத்திருந்த வரிசை அது.

இந்த இடத்தில் சென்னையும் கதைக்குள் வருகிறது. ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் ஒளியில் உள்ள விகிதத்தை 2.512 என்று வைத்துக்கொள்ளலாம் என்று 1856இல் சொன்னவர் நார்மன் போக்சன். அவர் 1861இலிருந்து 1891இல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர். அவருக்குக் கீழே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். வலைக்கண்ணி என்ற தென்வான மண்டலத்து விண்மீன் அது. அன்றைக்கு அந்த வேலைக்குக் கருவி கண்தான். பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டு, இது ஒரு படி மங்கல், இரண்டு படி மங்கல் என்று இரவு இரவாகச் சொல்லிக்கொண்டு வரவேண்டும். நேற்று மங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிட்டால் இன்றும் மங்கலாகவே தெரியும் என்பது இந்த வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த அபாயம். எதிர்பார்ப்பு கண்ணைத் தள்ளிவிடுகிறது. வெப்பமும் கொசுவும் உள்ள சென்னை இரவில், நேற்றைய தன் பதிலை மறந்துவிட்டு இன்றைய பதிலைச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். கூர்மையைவிட அரிதான குணம் இது.

ஃபெக்னருக்குப் பின் ஆய்வுக்கூடங்களில் கேட்கப்பட்ட கேள்விகளில் மிகவும் எளியது, தோலின்மேல் ஒரு கவராயத்தின் இரண்டு முனைகளை வைத்துவிட்டு 'ஒன்றா இரண்டா' என்று கேட்பது. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் ஆரம்பித்துவைத்தது. முனைகள் நெருங்க நெருங்க ஓர் இடத்தில் இரண்டு ஒன்றாகிவிடும். அந்த இடைவெளி தொடுபுலனின் வாசற்படி. ஆனால் ஒரு விசித்திரத்தையும் பார்த்தார்கள். சோதிப்பதற்காக நடுநடுவே ஒரே முனையை மட்டும் வைத்தால், சில பேர் அதற்கும் 'இரண்டு' என்றார்கள். வாசற்படி உண்மையிலேயே இருந்தால், வெளியே யாருமே வராதபோது உள்ளேயிருந்து 'வாருங்கள்' என்று எப்படிக் குரல் வரும்? இதைச் சோதனைக்கு உட்பட்டவனின் கவனப்பிசகு என்று எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி கொடுத்துத் திருத்தப் பார்த்தார்கள். திருந்தாதவனை ஆய்விலிருந்து விலக்கினார்கள். அந்தத் தவறான 'இரண்டு'களை எண்ணிக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

இதன் முழு விபரீதமும் மனித இனங்களை அளக்கப் புறப்பட்டபோது வெளிப்பட்டது. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹாடன் தலைமையில் ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போயிற்று. ரிவர்ஸ், மக்டூகல், மையர்ஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். காட்டுவாசிகளுக்குப் புலன்கள் கூர்மை, அந்தக் கூர்மையிலேயே சக்தி செலவாகிவிடுவதால் அறிவு வளர்வதில்லை என்று அக்காலத்தில் படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ரிவர்ஸ் அந்தத் தீவுகளில் கண்களை அளந்து பார்த்துவிட்டு, பார்வையின் அடிப்படைக் கூர்மை அப்படியொன்றும் அசாதாரணமாக இல்லை, தெரிந்த சூழலின் நுணுக்கங்களைக் கவனிக்கிற பழக்கமே அதிகம் என்று சொன்னார். மக்டூகல் தொடுபுலனை அளந்தார். இரண்டு முனைகளைத் தீவுக்காரர்கள் ஆங்கிலேயர்களுக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதி இடைவெளியிலேயே பிரித்தறிந்தார்கள் என்பது அவர் முடிவு.

ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்தார். தோடர்களோடு அவர் கழித்த மாதங்களின் பலனாக 1906இல் வந்த நூலை மானிடவியல் படிக்கிறவர்கள் அறிவார்கள். அவர்களுடைய புலன்களைப் பற்றி அவர் 1905இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை அவ்வளவு தெரியாத ஒன்று. நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். நிறக் கண்ணாடிகளின் வழியே பார்க்கவைத்தார். இரு முனைகளிலும் அம்புத்தலை வரைந்த கோடுகளைக் காட்டி, எது நீளம் என்று கேட்டார். அம்பு உள்நோக்கி மடிந்தால் கோடு குறுகியும், வெளிநோக்கி விரிந்தால் நீண்டும் தோன்றுகிற அந்த மாயையில், தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். நெட்டுக்கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தோன்றுகிற இன்னொரு மாயையில் அதிகமாக ஏமாந்தார்கள். டோரஸ் தீவுக்காரர்களிடம் கண்டதும் இதேதான். ஒரே மனிதர்கள் ஒன்றில் குறைவாகவும் ஒன்றில் கூடுதலாகவும் ஏமாறுகிறார்கள் என்றால், 'இவர்கள் கூர்மையானவர்கள்' என்றோ 'மந்தமானவர்கள்' என்றோ ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. ரிவர்ஸின் அளவைகளில் இன்றைக்கும் நிற்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

நிறத்தில் அவர் அவ்வளவு எச்சரிக்கையாக இல்லை. நீலத்துக்குத் தனிச்சொல் இல்லாமை, நீலக் கண்ணாடியில் கண்ட தடுமாற்றம் இரண்டையும் சேர்த்துவைத்து, தீவுக்காரர்களின் கண்ணுக்கே நீலத்தில் மந்தம் என்ற பக்கம் சாய்ந்தார். திருமாலின் நிறத்தைக் கருமை, பச்சை, நீலம், மேகம், கடல் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. கம்பளி நூல் மூட்டையோடு யாராவது ஆழ்வாரின் முன்னால் உட்கார்ந்திருந்தால் என்ன எழுதிக்கொண்டு போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எந்த நூலை எந்த நூலோடு சேர்ப்பது என்பது கண் தருகிற பதில் மட்டும் இல்லை. எவ்வளவு ஒத்திருந்தால் 'ஒன்று' என்பது என்ற தீர்மானமும் அதில் இருக்கிறது.

இதை 1916இல் முகத்துக்கு நேராகக் கேட்டவர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டிச்செனர். டோரஸ் அறிக்கையை எடுத்துக்கொண்டு, அந்தச் சோதனைகள் எந்த வெளிச்சத்தில், எந்தக் கேள்வியோடு, எந்த மனநிலையில் நடந்தன என்று ஆராய்ந்தார். தொடுகை விஷயத்தில் அவர் எழுப்பிய ஆட்சேபணையை என் வார்த்தைகளில் சொல்கிறேன். தோலின்மேல் இரண்டு முனை படும்போது, தெளிவான இரண்டு புள்ளிகள் தெரிவதற்கு முன்பே, ஒரு புள்ளி நீண்டதுபோல, தடித்ததுபோல ஓர் உணர்வு வந்துவிடும். அதை 'இரண்டு' என்று சொல்கிறவன் ஒருவன். தெளிவாகப் பிரிந்தாலொழிய 'இரண்டு' என்று சொல்லத் துணியாதவன் இன்னொருவன். ஆய்வுக்கூடத்து ஒழுக்கத்தில் வளர்ந்த ஆங்கிலேயன் இரண்டாமவனாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளைக்காரர் விளையாட்டு காட்டுகிறார், நாமும் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டவேண்டும் என்று உற்சாகமாக உட்கார்ந்த தீவுக்காரன் முதலாமவனாக இருந்திருக்கலாம். அப்படியானால் பாதி இடைவெளி என்பது தோலைப் பற்றிய செய்தியே இல்லை. 'ஆம்' என்பதற்கு வைத்திருந்த கோட்டைப் பற்றிய செய்தி. ஓர் இனத்தின் சருமம் என்று எழுதப்பட்டது, ஒரு மத்தியானத்தின் மனநிலையாக இருந்திருக்கலாம்.

ஆனால் டிச்செனராலும் சந்தேகத்தைத்தான் எழுப்ப முடிந்தது. கூர்மை இவ்வளவு, சாய்வு இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கு அவரிடம் இல்லை. அது இன்னும் ஒரு தலைமுறை கழித்து, உலகயுத்தத்தின் ராடார் திரைகளிலிருந்து வந்தது. இரைச்சல் நிறைந்த திரையில் ஒரு புள்ளி மின்னுகிறது. விமானமா, வெறும் இரைச்சலா? இதிலிருந்து பிறந்த பொறியியல் கணிதத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டானரும் ஸ்வெட்சும் 1954இல் மனிதக் கண்ணுக்குப் பொருத்திக் காட்டினார்கள். கிரீனும் ஸ்வெட்சும் எழுதிய 1966ஆம் வருஷத்து நூல் அதை நிலைநாட்டியது. வாசற்படி என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் வாதம். எதுவும் வராதபோதும் உள்ளே எப்போதும் இரைச்சல் உண்டு. வந்தது அந்த இரைச்சலின்மேல் கொஞ்சம் கூடுதலாகச் சேர்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு கூடினால் 'வந்தது' என்று சொல்வது என்ற கோட்டை மனிதன் தானே கிழிக்கிறான். பழைய ஆய்வுக்கூடங்கள் விரட்டியடித்த அந்தத் தவறான 'இரண்டு'கள் இப்போது கணக்கின் சரிபாதியாகிவிட்டன.

கவுண்டர் மொழியில் சொல்கிறேன். கணக்குக்காக நூறு கள்ளக் கையெழுத்து, நூறு நல்ல கையெழுத்து என்று வைத்துக்கொள்வோம். முதல் குமாஸ்தா கள்ளத்தில் 84ஐப் பிடிக்கிறார், ஆனால் நல்லதில் 50ஐயும் திருப்பி அனுப்பிவிடுகிறார். இரண்டாமவர் கள்ளத்தில் 50ஐத்தான் பிடிக்கிறார், நல்லதில் 16ஐ மட்டும் திருப்புகிறார். கள்ளத்தை மட்டும் எண்ணுகிற மேலதிகாரி முதலாமவரைக் கழுகுக்கண் என்று புகழ்வார். இந்தக் கணக்கின்படி இரண்டு பேருடைய கூர்மையும் சரிசமம், ஒன்று என்ற அளவு. வித்தியாசம் கோட்டில் மட்டும். 84ஐப் பிடித்து, 16ஐ மட்டும் திருப்புகிற மூன்றாமவர் ஒருவர் இருந்தால் அவருடைய கூர்மை இரண்டு. அவர் ஒருவர்தான் உண்மையில் நன்றாகப் பார்க்கிறவர். நல்லதும் கள்ளமும் மனதில் எவ்வளவு தள்ளி விழுகின்றன என்பதை, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு சிதறுகின்றன என்பதால் வகுத்துப் பெறுகிற அளவு இது. கல்கத்தாவில் மகலனோபிஸ் மனித உடலளவுகளை ஒப்பிடுவதற்காக 1936இல் வரையறுத்த தூரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

சாய்வைத் தவிர்க்க அவர்கள் சொன்ன வழி ஒன்றும் உண்டு. 'இருக்கிறதா' என்று கேட்காதே, இரண்டைக் கொடுத்து 'எதில் இருக்கிறது' என்று கேள். ஆம் சொல்வதில் தாராளமோ கஞ்சத்தனமோ அப்போது அவ்வளவு செல்லாது. அதிலும் முழு நிவாரணம் இல்லை. அடுத்தடுத்துத் தூக்கிய இரண்டு எடைகளை ஒப்பிடும்போது, எது முதலில் வந்தது என்பதே தீர்ப்பைச் சாய்க்கிறது என்று ஃபெக்னரே கண்டிருக்கிறார்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். நம் சூழலில் ஒருவருடைய ரசனை கூர்மையானது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் அவர் எவ்வளவு நிராகரித்தார் என்பதை வைத்து. 'அவருக்கு எதுவும் லேசில் பிடிக்காது' என்பது நம்மிடையே ஒரு பட்டம். ஆனால் அது கோட்டைப் பற்றிய செய்தி, கண்ணைப் பற்றியது இல்லை. எதையுமே ஏற்காதவன் ஒரு போலியையும் விடமாட்டான். கல்லும் விடாது. அதைப்போலவே எல்லாவற்றையும் பாராட்டுகிறவர் மந்தமானவர் என்ற முடிவும் அவசரமானது. அவர் பாராட்டுக்குள்ளேயே ஏற்ற இறக்கங்கள் இருக்கலாம். க.நா.சு.வின் பட்டியல்களையும் செல்லப்பாவின் அலசல்களையும் எதிரெதிராக வைத்து ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள். எனக்கு இப்போது தோன்றுவது இது: பட்டியல் எவ்வளவு நல்ல ரசனையிலிருந்து வந்தாலும், 'ஆம்' என்று சொன்னவற்றை மட்டுமே காட்டும். எதையெல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார் என்பது தெரியாமல், சொன்னவரின் கூர்மையை நம்மால் அளக்க முடியாது. அலசல் குறைந்தபட்சம் எதை எதிலிருந்து பிரித்தோம் என்று காட்டவேண்டிய கட்டாயத்துக்கு உட்படுகிறது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டு தவறுகளும் ஒரே மாதிரி சத்தம் போடுவதில்லை. நான் விட்டுவிட்ட கள்ளக் கையெழுத்து மறுநாளே கூச்சல் போடும். விசாரணை வரும், என் பெயர் வரும். நான் திருப்பி அனுப்பிய நல்ல கையெழுத்து ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடும். பத்திரிகையிலும் இப்படியே. அச்சான மோசமான கவிதையை எல்லோரும் பார்ப்பார்கள், ஆசிரியரைக் கேலி செய்வார்கள். திருப்பி அனுப்பிய நல்ல கவிதையை யாரும் பார்ப்பதில்லை. எழுதியவன் சில சமயம் அதற்கு மேல் எழுதுவதேயில்லை. சத்தம் போடுகிற தவறுக்குப் பயந்து, சத்தம் போடாத தவறை நோக்கிக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வுக்குத்தான் நாம் 'தரம்' என்று பெயர் வைத்துவிடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது. நண்பர் ஒருவருடைய பத்திரிகைக்காகக் கவிதைகளைப் படித்துக்கொடுத்தவன் என்ற முறையில், நான் திருப்பிய கவிதைகள் என்ன ஆயின என்று ஒரு தடவைகூட விசாரித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதும் தெரிந்தே சொல்கிறேன். கையெழுத்து நல்லதா கள்ளமா என்பதற்குக் கடைசியில் ஒரு விடை இருக்கிறது. கவிதைக்கு அப்படி ஒரு விடைத்தாள் எங்கேயும் இல்லை. காலம் தீர்ப்பளிக்கும் என்பார்கள். காலத்துக்கும் சாய்வு உண்டு. யாருடைய பிரதிகள் பாதுகாக்கப்பட்டன, யாருக்குச் சிஷ்யர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் அதன் தராசுத் தட்டில் விழுகின்றன. ஆகவே விமர்சகனின் கூர்மைக்கு எண் போட முடியாது. ஆனால் தன் தீர்ப்பில் இரண்டு பொருள்கள் கலந்திருக்கின்றன என்று அவன் தெரிந்துகொள்ளலாம். 'இது கவிதை இல்லை' என்று எழுதும்போது, இது நான் பார்த்ததா, அல்லது இந்த வாரம் நான் பயப்படுவதா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். கின்னிபுருக்கை அனுப்பியபோது மாஸ்கிலின் கேட்டுக்கொள்ளாத கேள்வி அதுதான்.

அந்த அம்மா மறுமாதம் டாக்டர் கடிதத்தோடு வந்தார்கள். ரேகை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போனார்கள். அன்றிலிருந்து நடுங்கிய கையெழுத்து வந்தால் அவசரப்படாமல், நாலைந்து பழைய படிவங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு கையின் நடுக்கத்துக்கும் ஒரு போக்கு உண்டு. ஒன்றைத் தனியாகப் பார்த்தால் தெரியாதது ஐந்தைச் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது. அதைக் கூர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கோட்டையும் சிறிது நகர்த்தியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல, நான் இதுவரை வீட்டுக்கு அனுப்பியவர்களின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை நான் எழுதி வைக்கவில்லை.